மோட்டாரை மட்டும் மாத்தினா போதுமா பாஸ்?

சென்னை சென்ட்ரல் பிளாட்பாரத்துல தாத்தா, பாட்டிகளை ஏத்திக்கிட்டு 'வழி விடுங்க, வழி விடுங்க'னு நத்தை வேகத்துல ஒரு பேட்டரி கார் போகுமே, பார்த்திருப்பீங்க. வண்டலூர் ஜூவுலயும் அதோட தம்பி ஒருத்தன் சுத்திட்டிருப்பான். இந்த வகை வண்டிகளுக்கு எல்லாம் பூர்வீகம் அமெரிக்காவோட கோல்ஃப் மைதானம். பந்தை அடிச்சுட்டு, அது விழுந்த இடம் வரைக்கும் நடக்க அலுப்புப்பட்டவங்களுக்காகப் பிறந்த வண்டி அது.

அந்த அப்பாவி வண்டியை செகண்ட் ஹேண்டுல வாங்கி, வீட்டு ஷெட்ல நிறுத்தி, மோட்டாரையும் கன்ட்ரோலரையும் கழட்டிட்டு பெருசா மாட்டி ரவுடியாக்குற கூட்டம் ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு. நம்ம ஊர்ல ஆர்.எக்ஸ்.100-க்கு சைலன்சர் மாத்துவாங்களே... அதே ரகம்!

'அவங்க வண்டி, அவங்க காசு, நமக்கென்ன?'னு பக்கத்தைத் திருப்பாதீங்க. டி.சி. மெஷின்ஸ் பேப்பர்ல நாம மனப்பாடம் பண்ணி வாந்தி எடுத்த அத்தனை சமாச்சாரமும் அந்த சீட்டுக்கு அடியில உட்கார்ந்திருக்கு. அதோட, ஃபைனல் இயர் புராஜெக்ட்னு பழைய ஸ்கூட்டரை எலெக்ட்ரிக் ஆக்கக் கிளம்பியிருக்கிற நம்மாளுங்க எல்லா காலேஜ்லயும் இருக்காங்க. கோல்ஃப் வண்டிக்காரங்க எந்த இடத்துல சூடு படறாங்களோ, அதே இடத்துலதான் இவங்களுக்கும் சுடும். அதனால படிங்க!

ஊரே வண்டி!

ஜார்ஜியா மாநிலத்துல அகஸ்டானு ஒரு ஊர். கோல்ஃப் பார்க்கிறவங்களுக்கு மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற ஊர். நமக்கு வேற விசேஷம் - ஈ-இசட்-கோ, கிளப் கார்னு இந்த வண்டி உலகத்தோட ரெண்டு பெரிய தலைகளுக்கும் அதுதான் தலைநகரம். ஈ-இசட்-கோ 1954-ல ரெண்டு அண்ணன் தம்பிங்க ஆரம்பிச்சது.

அதே மாநிலத்துல பீச்ட்ரீ சிட்டினு இன்னொரு ஊர். அங்கே கோல்ஃப் வண்டி ஓட்டுறதுக்குன்னே சுமார் 160 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை போட்டு வெச்சிருக்காங்க. காய்கறி வாங்க, சர்ச்சுக்குப் போக, ஏன்... ஹை ஸ்கூல் பசங்க ஸ்கூலுக்குப் போகக்கூட இந்த வண்டிதான்! அப்படிப்பட்ட ஊர்ல வண்டி மேட்டுல திணறினா மானப் பிரச்னை இல்லையா? பின்னாடி ஒரு எக்ஸ்ட்ரா சீட், பெரிய டயர், நாலு ஃப்ரெண்ட்ஸ்னு ஏறினதும் வண்டி மூச்சு வாங்கும். அப்போதான் ஸ்பேனரைத் தூக்குறாங்க.

சீட்டைத் தூக்கிப் பாருங்க

உள்ளே என்ன இருக்கு? ரொம்ப சிம்பிள். பழைய வண்டின்னா 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஆறு, மொத்தம் 36 வோல்ட். கொஞ்சம் புதுசுன்னா 48 வோல்ட். அடுத்து சொலினாய்டு - சாவியைத் திருப்பி பெடலை மிதிச்சா 'டக்'னு சத்தம் போட்டு கரன்ட்டை உள்ளே விடுற வாட்ச்மேன். அப்புறம் கன்ட்ரோலர். கடைசியா மோட்டார். மோட்டார்ல இருந்து பின் சக்கரத்துக்கு கியர் பாக்ஸ், ஒரே ஒரு விகிதம், 12-க்கு 1 சொச்சம். அவ்வளவுதான் வண்டி!

ரொம்பப் பழைய வண்டிகள்ல கன்ட்ரோலரே கிடையாது. தடியான கம்பிச் சுருள் மாதிரி ரெசிஸ்டர்கள்தான். மெதுவா போகணும்னா கரன்ட்டை அது வழியா விட்டு, பாதியை சூடாக்கி வீணாக்குவாங்க. நம்ம லேப்ல த்ரீ பாயின்ட் ஸ்டார்ட்டர் கைப்பிடியை ஒவ்வொரு ஸ்டெப்பா நகர்த்துவோமே, அதோட ஒண்ணுவிட்ட சித்தப்பா. ஏன் இப்படி ஒரு தடுப்பு தேவைன்னா, நிக்கிற மோட்டாருக்கு பேக் இ.எம்.எஃப். கிடையாது. மோட்டாரும் வயரும் சேர்ந்து ரெசிஸ்டன்ஸ் 0.04 ஓம்னு வெச்சுக்குவோம். 36 வோல்ட்டை நேராக் கொடுத்தா 900 ஆம்பியர்! வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி புகைதான் கிளம்பும்.

கன்ட்ரோலர் பண்ற மேஜிக்

இப்போ இருக்கிற கன்ட்ரோலர், கரன்ட்டை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன்-ஆஃப் பண்ணும். மாஸ்ஃபெட் கூட்டம் ஒண்ணு உள்ளே இதுக்காகவே உட்கார்ந்திருக்கு. பெடலை எவ்வளவு மிதிக்கிறீங்களோ, அவ்வளவு நேரம் ஆன். பவர் எலெக்ட்ரானிக்ஸ்ல 'சாப்பர்'னு படிச்சோமே... சாட்சாத் அதுவேதான்.

இதுல ஒரு செம விஷயம். வண்டி மெதுவா மேடு ஏறுது, கன்ட்ரோலர் கால்வாசி நேரம்தான் ஆன்னு வைங்க. மோட்டாருக்குப் போறது சராசரியா 9 வோல்ட். ஆனா மோட்டார்ல 300 ஆம்பியர் ஓடிட்டிருக்கலாம். பேட்டரியில எவ்வளவு? வெறும் 75! 'மீதி 225 ஆம்பியர் எங்கேர்ந்து வந்துச்சு, திருட்டு கரன்ட்டா?'னு கேட்டா, இல்லை. 36 வோல்ட்டை 75-ஆல பெருக்குங்க, 2,700 வாட். 9 வோல்ட்டை 300-ஆல பெருக்குங்க, அதே 2,700 வாட். ஆஃப் நேரத்துல ஃப்ரீவீலிங் டையோடு வழியா மோட்டார் கரன்ட் சுத்திக்கிட்டே இருக்கு. வோல்டேஜைக் குறைச்சு கரன்ட்டை ஏத்துற வேலை இது. (நஷ்டக் கணக்கை இங்கே விட்டுட்டேன். எக்ஸாம்ல விட்ராதீங்க!)

இப்போ மெயின் மேட்டர். பழைய சீரீஸ் மோட்டார் வண்டியில பெரிய கன்ட்ரோலர் போட்டா டாப் ஸ்பீடு ஏறுமா? நிறையப் பேர் இங்கேதான் காசை விடுறாங்க. ஏறாது பாஸ்! பெடலை முழுசா மிதிச்சப்பவே பழைய கன்ட்ரோலர் நூத்துக்கு நூறு ஆன். புதுசும் அதே நூறுதான். மோட்டாருக்குப் போறது அதே 36 வோல்ட். வேகம் எப்படி மாறும்?

மாறுறது முறுக்கு. அதாவது டார்க். பழசு 225 ஆம்பியரோட நிறுத்தும், புதுசு 400 வரைக்கும் விடும்னா கிளம்புறப்பவும் மேட்டுலயும் வண்டி சும்மா திமிரும். ஆம்பியர்னா முறுக்கு, வோல்ட்னா வேகம். இதை மட்டும் உள்ளங்கையில எழுதி வெச்சுக்குங்க. (எக்ஸாம் ஹாலுக்குப் போறப்ப அழிச்சிடுங்க!)

மோட்டார் மாத்துறவங்க கவனத்துக்கு

சரி, வேகம் வேணும்னா? ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம். டயர் விட்டம் 18 இன்ச். ஒரு சுத்துக்கு 1.44 மீட்டர் போகும். கியர் விகிதம் 12.44. மோட்டார் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினா வண்டி மணிக்கு 21 கிலோமீட்டர் போகும். 32 கிலோமீட்டர் வேணும்னா மோட்டார் 4,600 சுத்து சுத்தணும்.

அதுக்கு வழி ரெண்டு. வோல்டேஜை ஏத்தலாம். இல்லேன்னா, ஃபீல்டு வீக்கா இருக்கிற 'ஸ்பீடு மோட்டார்' போடலாம். ஃபீல்டு குறைஞ்சா வேகம் கூடும், ஆனா அதே ஆம்பியருக்கு முறுக்கு குறையும். அதனால ஸ்பீடு மோட்டாரை மட்டும் போட்டு பழைய கன்ட்ரோலரை விட்டு வெச்சா, சமதரையில பறக்கிற வண்டி மேட்டைப் பார்த்ததும் படுத்துடும். 'மோட்டாரும் கன்ட்ரோலரும் ஜோடியா மாத்து'னு அனுபவஸ்தர்கள் சொல்றது இதனாலதான். பெரிய டயர் போடறவங்களுக்கும் இதே கணக்கு. 18-ல இருந்து 22 இன்ச் போனா வேகம் 22 சதவிகிதம் ஏறும், ரோட்டுக்கு வர்ற இழுவை அதே விகிதத்துல குறையும். ஓசியில எதுவும் வராது!

இன்னொண்ணு. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி மோட்டார்ல டெர்மினலை எண்ணிப் பாருங்க. நாலும் தடியா, ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2-னு இருந்தா சீரீஸ். ரெண்டு தடி, ரெண்டு ஒல்லி, எஃப்1, எஃப்2-னு இருந்தா ஃபீல்டுக்குத் தனி சப்ளை வாங்குற செபரேட்லி எக்சைட்டட் ரகம். இந்த ரெண்டாவது ரகத்துல ஃபீல்டும் கன்ட்ரோலர் கையில. அதனால கன்ட்ரோலரை மாத்தியே ஃபீல்டைக் குறைச்சு வேகத்தையும் கூட்டலாம். இறக்கத்துல மோட்டாரை வெச்சே வண்டியைப் பிடிச்சு நிறுத்தலாம். ஒண்ணோட கன்ட்ரோலர் இன்னொண்ணுக்கு ஆகவே ஆகாது. ஜாதகம் பார்க்காம கல்யாணம் பண்ணி வெச்சா கன்ட்ரோலர் பொசுங்கிடும்.

காசு இருக்கிறவங்க இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு த்ரீ ஃபேஸ் ஏ.சி. இண்டக்‌ஷன் மோட்டாருக்குத் தாவிடறாங்க. பிரஷ் கிடையாது, கம்யூட்டேட்டர் கிடையாது, வேகம் முறுக்கு ரெண்டுமே கிடைக்கும். பர்ஸ்தான் காலியாகும்.

சங்கிலியில எது வீக்?

இப்போ வண்டியில 500, 600 ஆம்பியர் கன்ட்ரோலர் மாட்டியாச்சுன்னு வைங்க. பிரச்னை தீர்ந்துச்சா? இல்லை, பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருக்கு.

முதல் பலி வயர். பழைய வண்டிகள்ல வர்றது 6 கேஜ், அதாவது 13 சதுர மில்லிமீட்டர் தாமிரம். பேட்டரி இணைப்பெல்லாம் சேர்த்து 3 மீட்டர்னு எடுத்தா, 300 ஆம்பியர்ல வயர் மட்டும் 350 வாட் சூடு கக்கும். 600 ஆம்பியர் போனா ரெட்டிப்பு இல்லை, நாலு மடங்கு. 1,400 வாட்! சீட்டுக்கு அடியில ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி வெச்சுட்டு உட்கார்ந்த மாதிரி. அதுவே 33 சதுர மில்லிமீட்டர் இருக்கிற 2 கேஜ் போட்டா 550 வாட்டுக்கு இறங்கிடும். லூஸா ஒரு லக் இருந்தா, அந்த ஒத்தை இடத்துலயே ஈயம் உருகி ஓடும்.

அடுத்த பலி சொலினாய்டு. பெரிய கன்ட்ரோலருக்குள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள். காலியா இருக்கிற கெப்பாசிட்டர் மேல சொலினாய்டு 'டக்'னு மூடினா பெரிய பொறி பறக்கும். பறந்து பறந்து ஒரு நாள் கான்டாக்ட் ரெண்டும் வெல்டிங் ஆகி ஒட்டிக்கும். அப்புறம் சாவியை அணைச்சாலும் கரன்ட் நிக்காது. இதைத் தடுக்க சொலினாய்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டு, கெப்பாசிட்டரை முன்கூட்டியே நிரப்பி வெப்பாங்க. சொலினாய்டு காயிலுக்கு ஒரு டையோடு. ரெண்டும் சேர்ந்து டீ செலவுக்கு ஆகும். ஆயிரக்கணக்குல காசு போட்டு கன்ட்ரோலர் வாங்கினவங்க இந்த டீயை மறந்துடறதுதான் கொடுமை.

மூணாவது பேட்டரி. டிரோஜன் டி-105-னு கோல்ஃப் வண்டி வட்டாரத்துல பிரபலமான ஒரு பேட்டரி. 20 மணி நேரத்துல நிதானமா எடுத்தா 225 ஆம்பியர்-ஹவர் கொடுக்கும். அதே பேட்டரியில 75 ஆம்பியர் உறிஞ்சினா 115 நிமிஷத்துல கதை முடிஞ்சிடும். கணக்கு போட்டா 144 ஆம்பியர்-ஹவர்தான். மூணுல ஒரு பங்கு காணோம்! யாரும் திருடலை. அவசரமா இழுத்தா லெட் ஆசிட் அவ்வளவுதான் கொடுக்கும். இதுல வயசான பேட்டரின்னா சொல்லவே வேணாம். பெடலை மிதிச்சதும் வோல்டேஜ் சரிஞ்சு, புது மோட்டார் பழைய மோட்டாரை விட மெதுவா போற அதிசயத்தைப் பார்க்கலாம்.

'நான் லித்தியம் போட்டுட்டேனே'ங்கிறீங்களா? நல்லது. வெயிட் பாதிக்கு மேல குறையும். ஆனா அதுக்குள்ளே பி.எம்.எஸ்.-னு ஒரு கறார் வாத்தியார் இருக்கார். அவர் 200 ஆம்பியருக்கு மேல விடமாட்டார்னா, உங்க 500 ஆம்பியர் கன்ட்ரோலர் மேட்டு நடுவுல கையேந்தும்போது 'கெட் அவுட்'னு மொத்த சப்ளையையும் கட் பண்ணிடுவார். பாதி மேட்டுல செத்த வண்டி எந்தப் பக்கம் போகும்னு நான் சொல்லணுமா?

பிரேக் யாருக்கு மாட்டினது?

இதுதான் நான் இந்த வாரம் சொல்ல வந்ததே. பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளுக்கு பிரேக் பின் சக்கரத்துல மட்டும்தான். அதுவும் கேபிள் வெச்சு இழுக்கிற டிரம் பிரேக். 20 கிலோமீட்டர் வேகத்துக்கு அது தாராளம். வண்டி 40-ல போனா பிரேக் விழுங்க வேண்டிய எனர்ஜி நாலு மடங்கு. டிரம் அதே சைஸ்தான். வளைவுலயும் அதே ஸ்கொயர் கணக்கு. கதவு கிடையாது, நிறைய வண்டியில சீட் பெல்ட்டும் கிடையாது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்துல போன் பார்த்துட்டிருக்கிற ஃப்ரெண்டு எதைப் பிடிச்சுக்குவான்? இடது பக்கம் வெடுக்குனு திருப்பினா வலது பக்கம் இருக்கிறவன் ரோட்டுல.

இதனாலதான் அமெரிக்க அரசாங்கம் 1998-ல ஒரு கோடு போட்டுச்சு. மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டருக்கு மேல 25 மைல் வரைக்கும் போற நாலு சக்கர வண்டின்னா அது இனிமே கோல்ஃப் வண்டி கிடையாது, 'லோ ஸ்பீடு வெஹிக்கிள்'. ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், கண்ணாடி, விண்ட்ஷீல்டு, பார்க்கிங் பிரேக், சீட் பெல்ட், வண்டி அடையாள எண் - எல்லாம் வேணும். கம்பெனியில இருந்து அப்படி வந்தாலும் சரி, நீங்க ஷெட்ல மாத்தினாலும் சரி. அந்த 32-ஐத் தாண்டின நிமிஷம் வண்டியோட ஜாதகமே மாறிடுது.

நம்ம ஊர்லயும் கோடு இருக்கு மக்களே. எலெக்ட்ரிக் டூவீலர்ல மோட்டார் 250 வாட்டுக்குள்ளே, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளே இருக்கிற வரைக்கும்தான் ரெஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் எல்லாம் வேணாம்ங்கிற சலுகை. 'சும்மா கன்ட்ரோலரை மாத்தினேன் சார்'னு சொன்னா டிராஃபிக் சார் சிரிக்கமாட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனி சிரிக்கும், ஆனா காசு தராது.

கை வைக்கிறதுக்கு முன்னாடி...

ஆசை யாரை விட்டுச்சு? பண்றதுன்னு முடிவு பண்ணிட்டா, வரிசையை மாத்திப் பண்ணுங்க. முதல்ல பிரேக். அப்புறம் பேட்டரி ஆரோக்கியம். அப்புறம் வயர், டி.சி.க்குன்னே செஞ்ச ஃப்யூஸ், சொலினாய்டு. இதெல்லாம் தாங்கும்னு தெரிஞ்ச பிறகுதான் கன்ட்ரோலர், மோட்டார். கடையில பிடிச்ச மோட்டாரை வாங்கிட்டு வந்து மத்ததைத் தேடறது, சட்டை பட்டனுக்கு மேட்ச்சா சட்டை தேடற கதை.

வேலை செய்யறப்போ மோதிரம், வாட்ச், காப்பு எல்லாத்தையும் கழட்டிடுங்க. '36 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது'ங்கிறது பாதி உண்மை. ஸ்பேனர் ரெண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தா அது வெல்டிங் ராடு. மெயின் பேட்டரி வயரைக் கழட்டினதும் கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்கிறதை ஒரு ரெசிஸ்டர் வெச்சு வடிச்சிடுங்க. சார்ஜ் ஆகுற லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல தம் வேணாம்.

கடைசியா, வைவாவுல கேட்டே கேட்பாங்களே ஒரு கேள்வி. 'சீரீஸ் மோட்டாரை லோடு இல்லாம ஏன் ஓட்டக்கூடாது?' எல்லாரும் சொல்ற பதில்: 'வேகம் எகிறிடும் சார்.' மார்க் வாங்கியாச்சு, மறந்தாச்சு. இங்கே புது மோட்டாரை மாட்டி முடிச்ச சந்தோஷத்துல பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி பெடலை முழுசா மிதிப்பாங்க பாருங்க, அதுதான் லோடு இல்லாம ஓட்டறது! வேகம் ரெட்டிப்பானா ஆர்மேச்சரைப் பிச்சு வெளியே தள்ளுற விசை நாலு மடங்கு. கம்யூட்டேட்டர் துண்டுகள் பிதுங்கி, வந்த அன்னைக்கே மோட்டார் போய்ச் சேரும். டெஸ்ட் பண்ணணும்னா முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டு, பெடலை லேசாத் தொட்டு, சக்கரம் சரியான பக்கம் சுத்துதான்னு மட்டும் பாருங்க. மீதி டெஸ்ட் எல்லாம் ஆள் இல்லாத சமதரையில, வண்டி தன் வெயிட்டைத் தானே சுமந்துக்கிட்டுதான். முதல் ரவுண்டுல பக்கத்து சீட்டுல யாரும் வேணாம். முதல்ல டெஸ்ட் பண்ண வேண்டியது எவ்வளவு வேகமா போகுதுன்னு இல்லை. எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு.

இந்த வாரம் காலேஜ் கேம்பஸ்ல பேட்டரி கார் கண்ணுல பட்டா, டிரைவர் அண்ணன்கிட்ட ஒரு வணக்கம் போட்டு, சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. பேட்டரி எத்தனை, மோட்டார்ல தடி வயர் எத்தனை, ஒல்லி வயர் எத்தனைன்னு எண்ணுங்க. செமஸ்டர் முழுக்கப் புரியாத ஒரு சர்க்யூட் டயகிராம் அஞ்சு நிமிஷத்துல புரியலாம்.

எண்ணிட்டு வாங்க... அடுத்த வாரம் வேற ஒரு வண்டியைக் கழட்டலாம்!